டி. டி. கிருஷ்ணமாச்சாரி: பொதுப் பணமும் பொறுப்பும்

கார்த்திகை மாதம் பிறந்துவிட்டால் திருவண்ணாமலையில் நெய்யின் மணம் கமழத் தொடங்கிவிடும். 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் ஏற்றப்படும் மகாதீபத்துக்கென்று நெய்க் காணிக்கை செலுத்துவோர் நாற்றிசைகளிலிருந்தும் வருகின்றனர். செல்வர் தரும் நெய்யும் கூலியாள் தரும் நெய்யும் ஒரே கொப்பரையிற் சென்று சேர்கின்றன. சேர்ந்தபின் எது யாருடையது என்று பிரித்தறிவார் எவருமில்லை. தாம் கொடுத்தது தீபத்துக்கே போய்ச் சேரும், வேறொருவர் வீட்டு அடுப்புக்குப் போகாது என்ற நம்பிக்கையோடு ஜனங்கள் மலையை வலம் வந்து ஊர் திரும்புகின்றனர்.

அந்த நம்பிக்கையை நம் முன்னோர் வெறும் வாய்ச்சொல்லுக்கு விட்டுவிடவில்லை. அருணாசலேசுவரர் ஆலயத்தின் கற்சுவர்களிலே சோழர் காலந் தொட்டுக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. நந்தா விளக்கு எரிப்பதற்காக அளிக்கப்பட்ட நிவந்தங்களை அவை கூறுகின்றன. கொடுத்தவர் யார், கொடுத்தது என்ன, எந்தக் காரியத்துக்காகக் கொடுக்கப்பட்டது என்பவற்றைப் போவார் வருவார் யாவரும் பார்க்கக்கூடிய இடத்தில் எழுதிவைத்தார்கள். பொதுப் பணத்தைக் கையாளுவதற்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் உண்டோ?

இன்று தேசத்துக்கும் இத்தகைய கொப்பரைகள் உண்டு. அவையே சர்க்காருக்குச் சொந்தமான கார்ப்பொரேஷன்கள். கோயில் வாசலில் பூ விற்கும் ஒரு பெண்மணி திருநாள் வியாபாரத்தில் மிஞ்சியதை ஆயுள் இன்ஷூரன்ஸ் பிரீமியமாகக் கட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அது சர்க்கார் கடன்பத்திரமாகவும், மின்சாரத் திட்டங்களுக்கும் வீட்டுவசதிக்கும் கொடுக்கும் கடனாகவும், கம்பெனிப் பங்காகவும் உருமாறுகிறது. அவளோ அதை அறியாள். அறிய வேண்டியவர்கள் ஆட்சியில் இருப்போர். இந்த ஸ்தாபனங்களில் பலவற்றைத் தோற்றுவித்தவரும், அவற்றுள் ஒன்றன் காரணமாகவே பதவியை இழந்தவருமான ஒருவர் தமிழ்நாட்டில் வாழ்ந்தார். அவர்தாம் ஸ்ரீ டி. டி. கிருஷ்ணமாச்சாரி. அவரும் ஒரு கார்த்திகை மாதத்தில், 1899-ம் வருஷம் நவம்பர் 26-ந் தேதி, சென்னையிற் பிறந்தவர். அவருடைய சரித்திரத்தை இத்திருநாட் காலத்தில் நினைவுகூர்வது பொருத்தமென்று நாம் கருதுகிறோம்.

அவருடைய தந்தையார் ஸ்ரீ டி. டி. ரங்காச்சாரி நீதிபதியாக இருந்தவர். கிருஷ்ணமாச்சாரி சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். அந்நாளிற் படித்த பிராமண இளைஞர் பெரும்பாலோர் நாடிய வழிகள் வக்கீல் தொழிலும் சர்க்கார் உத்தியோகமும் ஆகும். இவரோ வியாபாரத்தில் இறங்கினார். 1928-ல் தம் பெயரால் ஒரு வியாபார ஸ்தாபனத்தை நிறுவி, பெரிய கம்பெனிகளின் சரக்குகளை ஊரூராக விநியோகிக்கும் தொழிலை மேற்கொண்டார். எந்தச் சரக்கு எங்கே செய்யப்படுகிறது, அதன் லாபம் எங்கே போய்ச் சேருகிறது என்பவற்றை விநியோக வியாபாரி நாள்தோறும் தன் கணக்கிலேயே காண்கிறான். நம் ஜனங்கள் வாங்கும் பண்டங்களை நம் நாட்டிலேயே செய்தாலொழியத் தேசத்துக்கு விமோசனமில்லை என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றுவதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாயிருந்திருக்க வேண்டும்.

1937-ல் சுயேச்சை அங்கத்தினராகச் சென்னைச் சட்டசபைக்குச் சென்றார். பின்னர் காங்கிரஸில் சேர்ந்தார். 1942-ல் மத்திய சட்டசபைக்கும், பிறகு அரசியல் நிர்ணய சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அச்சபையின் நகல் தயாரிக்கும் கமிட்டியில் ஓர் இடம் காலியானபோது அதிலும் அங்கத்தினரானார். கமிட்டியில் ஒருவர் மரணமடைந்ததையும், ஒருவர் விலகியதையும், வேறு சிலர் தூரத்தில் இருந்ததையும் 1948 நவம்பரில் சபையிலேயே எடுத்துக் கூறி, வேலையின் பாரமெல்லாம் டாக்டர் அம்பேத்கர் ஒருவர் தலைமேலேயே விழுந்தது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர் இவர். தமக்குச் சேர வேண்டாத புகழைத் தாம் பெற விரும்பாத நேர்மையை இதிற் காண்கிறோம். மனத்திற் பட்டதை மறைக்காது கூறும் இக்குணம் அவருக்கு நண்பர்களையும் தந்தது, பகைவர்களையும் தந்தது.

1952-ல் பண்டித நேருவின் மந்திரிசபையில் வர்த்தக, கைத்தொழில் மந்திரியானார். அப்போது தேசம் இருந்த நிலையை இன்றைய இளைஞர் கற்பனை செய்து பார்ப்பதும் கடினம். உருக்கு உற்பத்தி வருஷத்துக்குச் சுமார் பத்து லட்சம் டன்னே. உருக்குத் தொழிற்சாலை நிறுவுவதென்றால் பல கோடி ரூபாய் முதலீடு வேண்டும். அது பலன் தரப் பல வருஷங்கள் ஆகும். அவ்வளவு பணமும் அவ்வளவு பொறுமையும் தனி முதலாளிகளிடம் இருக்கவில்லை. ஜனங்களிடம் சிறுகச் சிறுகச் சிதறிக் கிடந்த சேமிப்பைத் திரட்டவும், திரட்டியதை நீண்டகாலத் தொழில்களில் இடவும் வல்ல கை சர்க்காரின் கை ஒன்றாகவே இருந்தது. பொதுத்துறைக் கார்ப்பொரேஷன்கள் தோன்றியதற்கு வேதாந்தமோ வறட்டுக் கொள்கையோ மட்டும் காரணமன்று. வேறு வழியின்மையும் காரணமாகும்.

கிருஷ்ணமாச்சாரி மந்திரியாயிருந்த காலத்தில் 1954-ல் தேசீயக் கைத்தொழில் அபிவிருத்திக் கார்ப்பொரேஷனும், 1955-ல் தேசீயச் சிறு தொழிற் கார்ப்பொரேஷனும், 1956-ல் சர்க்கார் வர்த்தகக் கார்ப்பொரேஷனும் தோன்றின. உருக்குத் துறையும் அவர் பொறுப்பில் வந்தது. ஜெர்மானியர் துணையுடன் ரூர்கேலாவிலும், சோவியத் ரஷ்யாவின் துணையுடன் பிலாயிலும், பிரிட்டிஷார் துணையுடன் துர்காப்பூரிலும், ஒவ்வொன்றும் பத்து லட்சம் டன் உற்பத்தி செய்யத்தக்க மூன்று தொழிற்சாலைகள் அமைக்கும் திட்டத்துக்கு அவர் உறுதியான ஆதரவாளராக விளங்கினார். ஆயினும் எல்லாவற்றையும் சர்க்காரே நடத்த வேண்டுமென்ற பிடிவாதம் அவருக்கு இல்லை. 1955-ல் தனியார் பங்கு மூலதனத்தையும், சர்க்காரின் கடனுதவியையும், உலக பாங்கியின் கடனையும் இணைத்துத் தனியார் தொழில்களுக்கு நீண்டகாலக் கடன் தர ஐ.சி.ஐ.சி.ஐ. என்ற ஸ்தாபனம் ஏற்பட்டதும் அவர் காலத்திலேதான். எந்தக் காரியத்துக்கு எந்தக் கருவி ஏற்றது என்று பார்க்கும் வியாபாரியின் கண் அவரிடம் கடைசிவரை இருந்தது.

1956-ல் ஸ்ரீ சி. டி. தேஷ்முக் ராஜீனாமாச் செய்தபின் கிருஷ்ணமாச்சாரி நிதி மந்திரியானார். அவ்வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் செயற்படத் தொடங்கியது. இன்ஷூரன்ஸைத் தேசீயமயமாக்கியவர் தேஷ்முக். அதை நடைமுறையில் மேற்பார்க்கும் பொறுப்பு கிருஷ்ணமாச்சாரிக்கு வந்தது. 245 இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் சங்கங்களும் ஒன்றாக்கப்பட்டன. சர்க்கார் இட்ட மூலதனம் 5 கோடி ரூபாய். மற்றதெல்லாம் பாலிசிதாரர்களின் பணம். சில கம்பெனிகளின் முதலாளிகள் பாலிசிதாரர் பணத்தைத் தங்கள் சொந்த வியாபாரங்களுக்குத் திருப்பிவிட்டதே தேசீயமயத்துக்கு முக்கிய காரணங்களுள் ஒன்று என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். எந்த நோய்க்காக மருந்து கொடுக்கப்பட்டதோ, அந்த நோய் மருந்துப் புட்டியிலேயே விரைவில் தலைகாட்டியது.

அதைக் கூறுமுன் அவருடைய நிதி நிர்வாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1957-ம் வருஷம் சொத்து வரியையும் செலவு வரியையும் அவர் கொண்டுவந்தார். அணாவும் பைசாவும் மறைந்து நயா பைசா புழக்கத்துக்கு வந்ததும் அவ்வருஷம் ஏப்ரல் மாதத்திலேதான். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் அயல்நாட்டு நாணயத் தட்டுப்பாட்டில் சிக்கித் திணறிய காலம் அது. காரியம் விரைந்து நடக்க வேண்டுமென்ற ஆத்திரம் அவருக்கு மிகுதி. ஆனால் அந்த வேகத்திலே ஒரு குறையும் ஒளிந்திருந்தது. சட்டத்தினால் தனித்து நிற்கும் ஸ்தாபனங்களைத் தம் இலாகாவின் கிளைகளாகவே அவர் கருதினார். ரிசர்வ் பாங்கியின் கவர்னர் ஸர் பெனகல் ராமராவ் அவருடன் ஏற்பட்ட பிணக்கினால் 1957 ஜனவரியில் பதவியைத் துறந்தார். அதை அன்று பலர் இரு பெரியோர்களின் கோபதாபம் என்றே எண்ணிவிட்டனர். அது வரப்போகும் ஆபத்தின் முன்னறிவிப்பு என்பது பின்னர்தான் விளங்கியது.

அவ்வருஷம் ஜூன் மாதத்தில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன், கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ராவின் ஆதிக்கத்திலிருந்த ஆறு கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. முந்த்ரா அப்போது கடன் தொல்லையிற் சிக்கியிருந்தார். முதலீடுகளை ஆராய்வதற்கென்றே ஏற்பட்டிருந்த கமிட்டியை முன்கூட்டிக் கலந்துகொள்ளாமலே இந்தப் பேரம் முடிந்தது. பங்குகளின் விலை வீழ்ந்தது. ஊரார் கொடுத்த நெய், கடன்பட்ட ஒருவரின் அடுப்பை எரிக்கப் போயிற்று. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் சர்க்கார் கார்ப்பொரேஷனுக்கு உத்தரவிடலாம்; ஆனால் அவ்வுத்தரவு எழுத்து மூலமாக இருக்க வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் சட்டத்தின் 21-வது பிரிவு விதிக்கிறது. இந்தப் பேரத்திலோ அத்தகைய எழுத்து மூலமான உத்தரவு எதுவும் இல்லை. உத்தியோகஸ்தர்களின் பேச்சுவார்த்தையிலே காரியம் நடந்தேறிவிட்டது.

1957 டிசம்பரில் ஸ்ரீ பெரோஸ் காந்தி இவ்விஷயத்தைப் பார்லிமெண்டில் எழுப்பினார். அவர் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர். பிரதம மந்திரியின் மருமகன். அவர் எதிர்க்கட்சியின் வாயை எதிர்பார்த்திருக்கவில்லை. பம்பாய் ஹைக்கோர்ட்டின் பிரதம நீதிபதி ஸ்ரீ எம். சி. சாக்ளாவைக் கொண்டு ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டது. விசாரணை பகிரங்கமாக நடந்தது. மண்டபம் கொள்ளாத ஜனங்கள் வெளியே நின்று கேட்பதற்கு ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. சில வாரங்களுக்குள் விசாரணை முடிந்து அறிக்கையும் வந்துவிட்டது. இக்காலத்து விசாரணைக் கமிஷன்களின் ஆமை நடையைக் கண்டு சலித்தவர்களுக்கு இது புராணக் கதைபோல் தோன்றலாம்.

பேரத்துக்குத் தாம் சம்மதம் அளிக்கவில்லை என்று கிருஷ்ணமாச்சாரி வாதித்தார். அவர் இதில் சொந்த ஆதாயம் அடைந்தார் என்று கமிஷன் கூறவில்லை. ஆயினும் தம் காரியதரிசி செய்ததற்கு மந்திரியே பார்லிமெண்டுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று நீதிபதி சாக்ளா தீர்ப்பளித்தார். சுதந்தரமுள்ள கார்ப்பொரேஷன்களின் காரியங்களிற் சர்க்கார் தலையிடலாகாது, தலையிட வேண்டின் எழுத்திற் கொடுத்தே தலையிட வேண்டும் என்ற நெறியையும் அவர் வற்புறுத்தினார். 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி ராஜீனாமாச் செய்தார்.

அவருக்கு அநியாயம் இழைக்கப்பட்டது என்று அன்றும் கூறினர். இன்றும் கூறுவோர் உண்டு. கீழே இருந்தவர்கள் செய்த தவறுக்கு மேலே இருந்தவர் பலியானார் என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தில் உண்மையே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் மந்திரி அறிந்து செய்தால் குற்றம், அறியாமல் நடந்தால் பொறுப்பில்லை என்றாகிவிட்டால், எந்த மந்திரியும் அறியாதிருப்பதையே ஒரு கலையாகப் பயின்றுவிடுவார். பூ விற்கும் பெண்மணிக்குக் காரியதரிசியையும் தெரியாது, கார்ப்பொரேஷன் தலைவரையும் தெரியாது. அவள் வோட்டுக் கொடுத்து அனுப்பிய பார்லிமெண்டுக்கு முன் நின்று பதில் சொல்லக்கூடியவர் மந்திரி ஒருவரே. ஆகவே அன்று நிலைநாட்டப்பட்ட நெறி கடுமையானதாயினும் சரியானதே என்பது நம் அபிப்பிராயம்.

வீழ்ந்தவர் வீழ்ந்தபடியே கிடக்கவில்லை. 1962-ல் திருச்செந்தூர்த் தொகுதியிலிருந்து போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டு மீண்டும் மந்திரிசபையிற் புகுந்தார். சீனப் படையெடுப்பை ஒட்டிப் பொருளாதார, ராணுவ ஒருங்கிணைப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1963-ல் காமராஜ் திட்டத்தினால் ஸ்ரீ மொரார்ஜி தேசாய் விலகியபோது மறுபடியும் நிதி மந்திரியானார். 1964-ல் அவர் காலத்தில் இரண்டு பெரிய ஸ்தாபனங்கள் தோன்றின. ஒன்று யூனிட் டிரஸ்ட். பத்து ரூபாய் முகமதிப்புள்ள யூனிட்டுகளை வாங்கிச் சாமானிய ஜனங்களும் தொழில் வளர்ச்சியிற் பங்குபெற வழிசெய்தது. மற்றொன்று இந்தியக் கைத்தொழில் அபிவிருத்தி பாங்கி என்ற ஐ.டி.பி.ஐ. இவ்விரண்டும் ஆரம்பத்தில் நிதி இலாகாவின் நேர்ப் பிடியில் வைக்கப்படாமல் ரிசர்வ் பாங்கியின் அரவணைப்பில் வைக்கப்பட்டன. ரிசர்வ் பாங்கியை ஒரு காலத்தில் தம் இலாகாவின் கிளையாகக் கருதிய அதே மனிதர் காலத்தில் இது நடந்தது என்பதைக் கவனிக்கும்போது, அனுபவம் என்ற ஆசிரியர் தம் பாடத்தைப் புகட்டிவிட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. அதே 1964-ல் பார்லிமெண்டும் பொதுத்துறை ஸ்தாபனங்களின் கணக்கு வழக்குகளை ஆராய்வதற்குத் தனிக் கமிட்டி ஒன்றை அமைத்துக்கொண்டது.

ரூபாயின் மதிப்பைக் குறைக்க வேண்டுமென்று அயல்நாட்டார் நெருக்கியபோது அவர் உறுதியாக எதிர்த்து நின்றார். தம்மீது கூறப்பட்ட சில புகார்களை ஆராயும் முறையைப் பற்றிப் பிரதம மந்திரி ஸ்ரீ லால் பகதூர் சாஸ்திரியுடன் கருத்து வேற்றுமை ஏற்படவே, 1965 டிசம்பர் இறுதியில் இரண்டாம் முறையாகப் பதவி துறந்தார். அடுத்த ஜூன் மாதத்தில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. 1974-ம் வருஷம் மார்ச் 7-ந் தேதி அவர் காலமானார். சென்னையில் ஒரு பெரிய வீதியும், சங்கீத வித்வத் சபையின் அரங்கமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

அவர் விட்டுச்சென்ற ஸ்தாபனங்கள் பின்னர் என்னவாயின? யூனிட் டிரஸ்ட் 1978-ல் ரிசர்வ் பாங்கியின் அரவணைப்பிலிருந்து பிரிக்கப்பட்டது. 2001 ஜூலையில் அதன் முதல் திட்டமான யூனிட் 64-ஐத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவது நிறுத்திவைக்கப்பட்டு, லட்சக்கணக்கான சிறு சேமிப்பாளர்கள் தவித்தனர். 2003-ல் அந்த டிரஸ்ட் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஐ.டி.பி.ஐ. 2004-ல் சாதாரண வர்த்தக பாங்கியாக மாறியது. வாராக் கடன்களால் நலிந்த அதன் பங்குகளில் 51 சதவீதத்தை 2019-ல் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷனே ஏற்க நேர்ந்தது. 2022-ல் அந்தக் கார்ப்பொரேஷனின் பங்குகளில் 3.5 சதவீதத்தைச் சர்க்கார் பொதுமக்களுக்கு விற்றது. நலிந்த ஸ்தாபனத்தைத் தூக்கி நிறுத்தப் பாலிசிதாரர் பணம் பயன்படும்போதெல்லாம், 1957-ன் கேள்வி மறுபடியும் எழுகிறது: இது யாருடைய நன்மைக்காக, யார் உத்தரவின்மேல் நடக்கிறது?

இக்கேள்வி டில்லிக்கு மட்டும் உரியதன்று. திருவண்ணாமலை மாவட்டத்துச் செய்யாற்றில் ராஜ்ய சர்க்காரின் சிப்காட் ஸ்தாபனம் தொழிற்பேட்டைகளை அமைத்து, பலருக்கு வேலை கிடைக்க வழிசெய்திருக்கிறது. அதே சிப்காட்டின் விரிவுக்காக மேல்மா முதலிய கிராமங்களில் நிலம் எடுப்பதை எதிர்த்து 2023-ல் விவசாயிகள் கிளர்ச்சி செய்தனர். அவர்களிற் சிலர்மீது குண்டர் சட்டமும் பிரயோகிக்கப்பட்டு, பலத்த கண்டனத்துக்குப் பின் கைவிடப்பட்டது. கார்ப்பொரேஷன் நன்மை செய்கிறது என்பது, அது பதில் சொல்ல வேண்டாம் என்பதற்கு நியாயமாகாது. சேமிப்பைக் கொடுத்தவருக்கு எப்படியோ அப்படியே நிலத்தைக் கொடுப்பவருக்கும் அது பதில் சொல்லியாக வேண்டும்.

பொதுத்துறை என்றாலே ஊழல், எல்லாவற்றையும் விற்றுவிடுக என்பார் ஒருசாரார். பொதுத்துறை என்றாலே புனிதம், கேள்வி கேளாதே என்பார் மற்றொரு சாரார். கிருஷ்ணமாச்சாரியின் வாழ்க்கை இருவருக்கும் விடை கூறுகிறது. அவரும் அவர் காலத்தவரும் எழுப்பிய உருக்காலைகளும் நிதி ஸ்தாபனங்களும் இல்லாவிடில் இத்தேசத்துக் கைத்தொழில் இவ்வளவு தூரம் வந்திராது. அதே சமயம், எழுத்தில் இல்லாத ஒரே ஒரு ஏற்பாடு, ஆற்றல் மிக்க ஒரு மந்திரியின் வாழ்வையே இரண்டாகப் பிளந்துவிட்டது. உடைமை யாருடையது என்பதைக் காட்டிலும், உத்தரவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்ற கேள்வியே பெரிது.

ஆகவே நாம் வேண்டுவது இது. பொதுமக்களின் சேமிப்பை வைத்திருக்கும் எந்த ஸ்தாபனத்துக்கும் சர்க்கார் இடும் உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். அவ்வெழுத்து பார்லிமெண்டின் முன்னும் சட்டசபையின் முன்னும் காலதாமதமின்றி வைக்கப்பட வேண்டும். நஷ்டம் வந்தால் பதில் சொல்லும் மந்திரி இன்னார் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இது புதிய யோசனையன்று. அண்ணாமலையார் ஆலயத்தின் கற்சுவர்கள் பல நூற்றாண்டுகளாக அதையே சொல்லிக்கொண்டு நிற்கின்றன. இக்கார்த்திகையில் தீபத்தைத் தரிசிக்கச் செல்லும் நம் பிரதிநிதிகள், மலையுச்சியை நிமிர்ந்து நோக்கிக் கும்பிட்டபின், திரும்பும் வழியில் அச்சுவர்களையும் சற்று நின்று படித்துவிட்டு வருவார்களாக.